தாய்க்குக் குளிர்ச்சி, குட்டிக்குச் சூடு!

பன்றிக் கொட்டகையைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் முகத்தைச் சுளித்துக் கொண்டு பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள், சகோதரிகளே! நானும் ஒரு காலத்தில் அப்படிச் சுளித்தவள்தான். சேலம் டவுனில் பிறந்து வளர்ந்து, ராசிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வாக்கப்பட்டவள் நான். பெண் பார்க்க வந்தபோது தோட்டம், கிணறு, இரண்டு எருமை என்றெல்லாம் சொன்னார்கள். தோட்டத்துக் கோடியில் பன்றிக் கொட்டகை ஒன்று இருப்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை!

என் மாமனார் 1994-ல் கட்டியது அது. வெண்பன்றி வளர்த்து நாலு காசு பார்த்திருக்கிறார். பிறகு விலை விழுந்து, கொட்டகை விறகு போடும் இடமாகிவிட்டது. 2020-ல் ஊரடங்கு வந்து என் வீட்டுக்காரருக்குத் திருப்பூர் மில் வேலை போனபோது, "சும்மாக் கெடக்கிற கொட்டாய்ல மறுபடி பன்னி வளத்தா என்ன?" என்று பேச்சு வந்தது. 2021 பங்குனியில் 'லார்ஜ் ஒயிட் யார்க்ஷயர்' இனத்தில் இரண்டு பெட்டையும் ஓர் ஆணும் வாங்கி விட்டோம். விறகை வெளியே எடுத்தோம், தரையைக் கூட்டிக் கழுவினோம், அடைத்தோம். கொட்டகைக்கு நாங்கள் செய்த மராமத்து அவ்வளவுதான். அந்த அலட்சியத்துக்கு மார்கழியில் தண்டனை கிடைத்தது.

அந்த மூன்று இரவுகள்

பன்றிக்குச் சினைக்காலம் 114 நாள். மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்று சுலபமாக நினைவு வைத்துக் கொள்ளலாம். மார்கழி பிறந்த மூன்றாம் நாள் எங்கள் பெரிய பெட்டை பத்துக் குட்டி போட்டது. ஒவ்வொன்றும் ஒன்றேகால் கிலோ இருக்கும். ரோஜா நிறத்தில் பட்டுப் போல. என் மகளுக்கு அப்போது ஏழு மாதம். அவளை இடுப்பில் வைத்துக் கொண்டு போய்க் காட்டினேன்.

முதல் இரவில் மூன்று குட்டி போயிற்று. இரண்டு தாயின் அடியில் நசுங்கிக் கிடந்தன, ஒன்று மூலையில் விறைத்துக் கிடந்தது. மறு இரவு இரண்டு. மூன்றாம் இரவு நானே விழித்துக் காவல் இருந்தும் என் கண்ணெதிரில் தாய் சுவரோரம் சாய்ந்து படுத்தது. இடுக்கில் இருந்த குட்டி 'வீல்' என்றது. நூற்றெண்பது கிலோ உடம்பை நான் ஒருத்தி எப்படித் தள்ளுவேன்?

பத்தில் ஆறு போய்விட்டது. அத்தை வாசற்படியில் உட்கார்ந்து, "பால் குடிக்கிற வாயி... பாவம் நம்மளச் சும்மா உடாது. எல்லாத்தையும் வித்துப் போடுங்க" என்றார்கள். இவர் தலையைத் தொங்கப் போட்டுக் கொண்டார். மாமா மட்டும், "அந்தக் காலத்துல இதே கொட்டாய்தான். ஒரு கொறையும் இல்ல. பன்னிதான் சரியில்ல" என்றார்.

டாக்டரம்மா போட்ட கணக்கு

மறுநாள் வந்த கால்நடை மருத்துவர் ஒரு பெண்மணி. உள்ளே வந்ததும் ஊசியை எடுக்கவில்லை. "இப்படி வந்து என்கூடக் குந்துங்க" என்று என்னைத் தரையோடு தரையாக உட்கார வைத்தார். நிற்கும்போது தெரியாத நெடி, உட்கார்ந்ததும் கண்ணைக் கரித்துக் கொண்டு வந்தது. "அம்மோனியா. நீங்க ரெண்டு நிமிஷத்துல எழுந்து போயிடுவீங்க. இதுங்க ராப்பகலா இந்த உயரத்துலதான் மூச்சு விடுது" என்றார். பிறகு என் கையைப் பிடித்துத் தரையில் வைத்தார். ஈரமாய், ஐஸ் மாதிரி இருந்தது. "உங்க பாப்பாவை மார்கழி ராத்திரியில இந்தத் தரையில துணியில்லாமப் படுக்க வைப்பீங்களா?"

எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது.

அவர் சொன்ன கணக்கு இதுதான். பெரிய பன்றிக்கு வியர்வை என்பது அனேகமாகக் கிடையாது. கொஞ்சம் சூடானாலும் தாங்காது. 18, 20 டிகிரிதான் அதற்குச் சுகம். பிறந்த குட்டிக்கோ முதல் சில நாட்கள் 32, 34 டிகிரி வெதுவெதுப்பு வேண்டும். உடம்பில் கொழுப்போ ரோமமோ இல்லாததால் சூட்டைப் பிடித்து வைக்கத் தெரியாது. குளிரும் குட்டி என்ன செய்யும்? தாயின் வயிற்றை ஒட்டிப் படுக்கும். அங்கேதான் நசுங்குகிறது. குளிர்ந்து சோர்ந்த குட்டிக்கு முட்டிக் குடிக்கவும் பலம் இருக்காது. பன்றிக் குட்டிக்குக் கர்ப்பத்தில் தாயிடமிருந்து நோய் எதிர்ப்புச் சக்தி வருவதில்லை. முதல் நாள் குடிக்கும் சீம்பாலில்தான் எல்லாம் வர வேண்டும். அதைத் தவறவிட்ட குட்டி பிழைப்பது கஷ்டம்.

"ஒரே அறைக்குள்ள தாய்க்குக் குளிர்ச்சி வேணும், குட்டிக்குச் சூடு வேணும். இந்த ரெண்டையும் பண்ணிக் குடுக்கிறதுதான் கொட்டகை. உங்க கொட்டகையில ரெண்டும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சுவர் இடிந்த கதை

என் கல்யாண வளையல் நாலையும் அடகு வைத்தோம். புதிதாகக் கட்ட அது காணாது. பழசைச் சீர் செய்யத்தான் போதும். தை மாதம் கொத்தனார் வந்தார்.

முதல் தகராறு சுவரில் ஆரம்பித்தது. திருட்டுக்குப் பயந்து மாமா நாலு பக்கமும் கூரை வரை செங்கல் எழுப்பி, மேலே இரண்டு சின்ன ஜன்னல் வைத்திருந்தார். காற்றே கிடையாது. பக்கச் சுவர் இரண்டையும் நாலடி உயரத்துக்கு இறக்கி, மேலே கம்பி வலை போட வேண்டும் என்றோம். மாமா சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அன்று மத்தியானம் மோர் எடுத்துக் கொண்டு கொட்டகைக்குப் போனேன். "மாமா, ஒரு நிமிஷம் இங்க உக்காருங்க" என்று டாக்டரம்மா செய்தது போலவே தரையில் உட்கார வைத்தேன். ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். கண்ணில் நீர் வந்தது, நெடியாலா வேறெதனாலா தெரியாது. எழுந்தபோது, "இடிச்சுக்கச் சொல்லு அம்மிணி. வலையை மட்டும் கெட்டியாப் போடச் சொல்லு" என்றார்.

கூரை பழைய ஆஸ்பெஸ்டாஸ். அதை மாற்ற வசதியில்லை. இந்த ஓட்டை உடைத்தாலோ துளைத்தாலோ பறக்கும் தூசு நுரையீரலுக்குப் பொல்லாதது. பழைய ஓடு ஆள் பாரம் தாங்காது. ஏறியவர் உள்ளே விழுந்து உயிரே போய்விடும். ஆகவே யாரையும் மேலே ஏற்றாமல், ஏணியில் நின்று நீளக் கழியில் மட்டையைக் கட்டி, மேல்புறம் முழுக்க வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தோம். மேற்கு வெயிலுக்குத் தென்னங்கீற்றுத் தட்டி கட்டினோம். சித்திரை உச்சிவெயிலில் உள்ளே நின்று பார்த்தேன், நிற்க முடிந்தது!

தரையும் வாட்டமும்

பழைய தரை வழவழவென்று தேய்ந்து, நடுவில் குழி விழுந்து, மூத்திரம் தேங்கி நின்றது. அதைக் கொத்திவிட்டுப் புதுச் சிமெண்டு போட்டோம். கொத்தனாரிடம் நான் கேட்டு வாங்கியவை மூன்று:

வாட்டம்: பத்தடிக்கு மூன்று அங்குலம், வாய்க்கால் பக்கமாக. ரசமட்டம் வைத்துப் பார்த்து, கடைசியில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றி எங்கும் தேங்காமல் ஓடுகிறதா என்று நானே பார்த்தேன்.

பிடிப்பு: வழவழப்பாக இருந்தால் பன்றி வழுக்கிக் கால் ஒடியும். சொரசொரப்பாக இருந்தால் குட்டிகளின் முட்டி தேய்ந்து புண்ணாகும். பூச்சு ஈரமாக இருக்கும்போதே விளக்குமாற்றால் லேசாகக் கோடு இழுத்துவிட வேண்டும். இந்த வேலையை மாமாவே செய்தார். "வெளக்குமாத்த இப்படிப் படுக்க வெச்சு இழுக்கோணும்" என்று கொத்தனாருக்கே பாடம்!

பொறுமை: புதுச் சிமெண்டில் காரம் உண்டு, தோலையும் மடியையும் அரிக்கும். நன்றாகத் தண்ணீர் காட்டி, நாலு வாரம் ஆறவிட்டுப் பல தரம் கழுவிய பிறகே பன்றியை விட்டோம். அதுவரை வேப்ப மரத்தடியில் பந்தல் போட்டு வைத்திருந்தோம்.

இன்னொரு ரகசியம் சொல்லட்டுமா? பன்றியை அசுத்தமான ஜீவன் என்கிறோம். இடம் மட்டும் இருந்தால், படுக்கிற இடத்தை அது அசிங்கம் செய்யாது. உலர்ந்த இடத்தில் படுத்து, ஈரமான மூலையில்தான் கழிக்கும். அதனால் தண்ணீர்க் குழாயை வாய்க்கால் பக்கத்திலும், படுக்கையை எதிர்ப்பக்கத்திலும் வைத்துவிட்டால், பாதித் துப்புரவை அதுவே பார்த்துக் கொள்ளும்.

குட்டிக்கு ஒரு தனி அறை

ஈனும் அறையை 8 அடிக்கு 10 அடியாக வைத்துக் கொண்டோம். தாய் திரும்பக்கூட முடியாதபடி அடைக்கும் இரும்புக் கூண்டுகளைப் படத்தில் காட்டி, "இதை வாங்கிடலாமா?" என்று இவர் கேட்டார். எனக்கு மனசு ஒப்பவில்லை. சினைக்காலத்தின் பெரும்பகுதியைத் தனிக்கூண்டில் கழிக்க வைப்பதை ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2013-லிருந்து தடுத்தே விட்டார்கள் என்று டாக்டரம்மா சொன்னார். "உங்களுக்கு நாலு குழாய் போதும்" என்றார்.

வெல்டிங் பட்டறையில் ஜி.ஐ. குழாய் வாங்கி, மூன்று பக்கச் சுவரிலும் தரையிலிருந்து பத்து அங்குல உயரத்தில், சுவரிலிருந்து பத்து அங்குலம் தள்ளி, கம்பித் தடுப்பாகப் பொருத்தினோம். தாய் சாய்ந்து படுக்கும்போது குழாய் அதைத் தாங்கும். குட்டி அந்த இடுக்கில் பிழைத்துக் கொள்ளும்.

உலர்ந்த மூலையில் பலகையால் ஒரு பெட்டி. குட்டி மட்டும் நுழைகிற வாசல். உள்ளே வைக்கோலும் மரத்தூளும். மேலே நூறு வாட் பல்பு, ஒன்றரை இரண்டு அடி உயரத்தில், சங்கிலியில் தொங்கியது. ஒயரில் தொங்கவிடக் கூடாது. அறுந்து விழுந்தால் வைக்கோல் பற்றிக் கொள்ளும். சூடு சரியா என்று பார்க்க தெர்மாமீட்டர்கூட வேண்டாம். ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குவிந்து கிடந்தால் குளிருகிறது. பல்பை விட்டு விலகி ஓரமாய்க் கிடந்தால் சூடு அதிகம். பக்கத்தில் பக்கத்தில் வரிசையாய் நீட்டிப் படுத்திருந்தால் நீங்கள் போய் நிம்மதியாகத் தூங்கலாம்!

உயிர் காக்கும் இரண்டு விஷயம்

ஈரத் தரை, இரும்புக் குழாய், மின்சாரம் மூன்றும் சேர்ந்தால் எமன்தான். வேலை நடக்கும்போதே ஒருநாள் அத்தை கதவைத் தொட்டுவிட்டு, "கை ஜிவ்வுங்குது" என்றார்கள். பழைய ஒயரிங்கில் எர்த்தே இல்லை! எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் போட்டு, மின்கசிவு ஏற்பட்டால் தானே அணைந்துவிடும் ஆர்.சி.சி.பி.யும் பொருத்தினோம். மற்ற செலவில் கஞ்சத்தனம் செய்யலாம், இதில் கூடாது.

இரண்டாவது, பின்னால் இருந்த மூடிய சாணிக் குழி. வருஷக்கணக்கில் கிடந்ததைச் சுத்தம் செய்ய இவர் கயிற்றைக் கட்டி இறங்கத் தயாராகிவிட்டார். டாக்டரம்மா போனிலேயே சத்தம் போட்டுத் தடுத்தார். அழுகிய சாணத்தைக் கலக்கினால் ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கே மரத்துப் போய் நாற்றம் தெரியாது. 'இப்ப நாத்தம் இல்ல' என்று இறங்குகிறவர் திரும்புவதில்லை. காப்பாற்ற இறங்குகிறவரும் போய்விடுகிறார். லாரி வைத்து, குழாய் விட்டு, வெளியிலிருந்தே இறைத்தோம். உங்கள் வீட்டுச் செப்டிக் டாங்க்குக்கும் இதே சட்டம்தான், சகோதரிகளே.

நம் வீட்டுக்குள் நோய் வராமல்

"குழந்தை இருக்கிற வீட்டில் பன்றியா?" என்று என் அம்மா பயந்தார்கள். நியாயமான பயம்தான்.

பலரும் சொல்வது நாடாப்புழு. வலிப்பு வரவைக்கும் மூளைக்கட்டி பன்றிக்கறி தின்றதால் வருகிறது என்று நினைக்கிறோம். அப்படி அல்ல. நாடாப்புழு உள்ள மனிதரின் மலத்தில்தான் அதன் முட்டை வெளியேறுகிறது. கை கழுவாமலோ, கழுவாத கீரை, கொத்தமல்லியிலோ அந்த முட்டை நம் வயிற்றுக்குள் போனால் மூளையில் கட்டி வரும். கறியே தொடாதவருக்கும் வரலாம். பன்றிக்கு நோய் வருவதும் மனித மலத்தைத் தின்பதால்தான். அரைவேக்காட்டுக் கறி மூலம் புழு மறுபடி மனிதர் குடலுக்கு வருகிறது. ஆக, கக்கூஸ் உள்ள வீடும், வெளியே திரியவிடாத பன்றியும், நன்றாக வெந்த கறியும், சோப்புப் போட்ட கையும் இருந்தால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும்.

அடுத்தது ஜப்பானிய மூளைக்காய்ச்சல். பன்றியிலிருந்து கொசு வழியாக மனிதருக்கு வருவது. எங்கள் கொட்டகை வீட்டிலிருந்து நூற்றைம்பது அடி தள்ளி இருப்பது நல்லதாய்ப் போயிற்று. சுற்றிலும் குட்டை தேங்காமல் மேடாக்கினோம். இந்தத் தடுப்பூசி போடும் மாவட்டங்களில் 9-வது மாதத்திலும், மறுபடி 16 முதல் 24 மாதத்துக்குள்ளும் போடுகிறார்கள், தவறவிடாதீர்கள்.

பன்றிக்கு வரும் ஆப்பிரிக்கக் காய்ச்சல் மனிதரைத் தொடாது. ஆனால் வந்துவிட்டால் மருந்தில்லை, கொட்டகையே காலி. 2020-ல் அஸ்ஸாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் முதலில் தெரிந்தது. 2022-ல் வயநாட்டுக்கே வந்துவிட்டது. ஹோட்டல் எச்சில் சோற்றின் வழியாகவும், வியாபாரிகளின் செருப்பு வழியாகவும் வரும். சோற்றைக் கொதிக்க வைத்து ஆற்றித்தான் போடுகிறோம். வாசலில் கிருமிநாசினித் தொட்டியும், உள்ளே போகத் தனிச் செருப்பும் உண்டு. யார் வந்தாலும் விதிவிலக்கில்லை, பஞ்சாயத்துத் தலைவராக இருந்தாலும்!

வைகாசியில்...

2022 வைகாசிக் கடைசியில் அதே பெட்டை மறுபடி ஈன்றது. ஒரு வாரம் முன்னதாகவே சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, சுண்ணாம்பு அடித்த அறைக்கு மாற்றியிருந்தோம். பதினொரு குட்டி. ஒன்று பிறக்கும்போதே உயிரில்லை. மற்றவற்றைத் துடைத்து, ஒவ்வொன்றாய் மடியில் விட்டேன். ஒவ்வொரு குட்டியும் தனக்கென்று ஒரு காம்பைப் பிடித்துக் கொண்டு, கடைசி வரை அதையே குடிப்பதைப் பார்த்தால் அதிசயமாக இருக்கும்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் தாய் எழுந்திருக்கவில்லை. வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. மடி சுருங்கி, குட்டிகள் கத்தின. தண்ணீர் நிப்பிளை அழுத்தினேன். வந்தது வெந்நீர்! தொட்டியிலிருந்து வரும் கறுப்பு ஓஸைத் தரைமேல் வெயிலில் விட்டிருந்தோம். ஒரு நிமிஷம் டம்ளரில் பிடித்தால் அரை லிட்டர்கூட வரவில்லை, வடிகட்டியில் மணல். பால் கொடுக்கும் பன்றி ஒரு நாளைக்கு 20 முதல் 40 லிட்டர் வரை குடிக்கும். நிமிஷத்துக்கு இரண்டு லிட்டர் வர வேண்டும். இத்தனை செலவழித்துவிட்டு, தாய்க்குத் தண்ணீர் கிடைக்கிறதா என்று பார்க்க மறந்திருக்கிறோம்!

அத்தையும் நானும் கிணற்றிலிருந்து குடம் குடமாகத் தூக்கினோம். தாகம் தீரக் குடித்தது. மிச்சத்தைக் கழுத்திலும் தோளிலும் மெதுவாக ஊற்றினோம். "நீ பெத்துக் கெடந்தப்ப உனக்குப் பால் கட்டல. சொம்பு சொம்பாத் தண்ணி குடிக்க வெச்சேன், நெனப்பிருக்கா?" என்று அத்தை கேட்டார்கள். சாயங்காலம் தாய் எழுந்து நின்றது. மறுநாளே ஓஸை ஓரடி ஆழத்தில் புதைத்தோம். வாய்க்கால் பக்கம் தாயின் தோளில் மட்டும் சொட்டுவது போல ஒரு சொட்டுக் குழாயும் வைத்தோம். குட்டிப் பெட்டி நனையாது.

அன்றைக்கே குட்டிகளுக்கு இரும்புச்சத்து ஊசியும் போட்டோம். தாய்ப்பாலில் இரும்பு குறைவு. சிமெண்டுத் தரையில் மண்ணும் கிடைக்காது. அது இல்லாவிட்டால் வெளுத்துச் சோகை பிடிக்கும்.

அதற்கு முன் ஒரு குட்டியைத் தடுப்புக் கம்பி இருந்தும் இழந்தோம். அறை நடுவில் படுத்த தாயின் அடியில் சிக்கிவிட்டது. கொட்டகை எல்லாவற்றையும் காப்பாற்றும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்பது குட்டிகள் பால் மறந்து, தீவனம் தின்று, கொழுகொழுவென்று வளர்ந்தன. 2023 மாசியில் வளையல் நாலும் அடகிலிருந்து திரும்பி வந்தன.

பழைய கொட்டகையைச் சீர் செய்ய நினைக்கும் சகோதரிகளுக்கு

* செலவுக்கு முன் ஒருநாள் மத்தியானமும் ஓர் இரவும் உள்ளே போய், பன்றியின் உயரத்தில் உட்கார்ந்து பாருங்கள். என்ன குறை என்று உங்கள் மூக்கும் தோலுமே சொல்லும்.

* முதலில் காற்றும் தரையும், அடுத்து எர்த்தும் தண்ணீரும், பிறகுதான் மற்ற சாமான்கள்.

* நிப்பிளை வாரம் ஒருமுறை டம்ளரும் கடிகாரமும் வைத்து அளந்து பாருங்கள்.

* நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி, காட்டுப்பாக்கம் ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில் விவரம் கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம்.

இப்போதும் பின்பனிக் காலத்தில் குட்டி போட்டால், விடிய நாலு மணிக்கு டார்ச் விளக்கோடு முதலில் எழுந்து போகிறவர் மாமாதான். திரும்பி வந்து அடுப்பங்கரை வாசலில் நின்று, "எல்லாம் வரிசையாப் படுத்திருக்குது அம்மிணி" என்பார். நான் காப்பிக்குப் பாலை அடுப்பில் வைப்பேன்.